பதிமூன்றரை கிலோமீட்டரில் ஒரு படி

பிறர் மெல்லும் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்மா ஆப்பிளைக் கடித்தால் நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இதைப் பெரிய குறையாக நான் நினைத்ததில்லை. சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்கு வேர்க்கடலை ஆகாது, எனக்கு இது. டிடெக்டிவ் லூசெரோ, நேற்று நீங்கள் புரீட்டோ ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டபோது நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் குற்ற உணர்ச்சி என்று குறித்துக்கொண்ட மாதிரி தெரிந்தது. காரணம் உங்கள் தாடையோரம் வழிந்த பச்சை மிளகாய்ச் சாறுதான். அதனால்தான் காகிதமும் பேனாவும் கேட்டேன். தனியாக உட்கார்ந்து எழுதினால் வரிசையாகச் சொல்ல முடியும்.

என் பெயர் கான்ராட் வீலர். வயது ஐம்பத்தெட்டு. மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஆராய்ச்சி மையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காலநிலை மாடல் செய்கிறேன். பூமியின் காற்று முழுவதையும் கணிப்பொறிக்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி அடுக்கி, ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியோடு சூட்டையும் ஈரத்தையும் எப்படிப் பரிமாறிக்கொள்ளும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அதிலும் எனக்கு ஒரு குறிப்பிட்ட இடம்தான் சொந்தம். தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்று குளிரும் என்பது மலை ஏறிய எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊருக்கு மேலே பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டரில் அந்தக் குளிர்ச்சி சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேலே காற்று கொஞ்சம் சூடாகத் தொடங்கும். அந்த எல்லைக்கு ட்ரோபோபாஸ் என்று பெயர். வரைபடத்தில் பார்த்தால் கோடு கீழிருந்து சாய்ந்து வந்து, அங்கே கூர்மையாக மடங்கித் திரும்பும்.

அந்த மடிப்பு எந்த மாடலிலும் ஒழுங்காக வராது. பெட்டிகள் தடிமனாக இருப்பதால் மூலை மழுங்கிவிடும். போதாததற்கு, கீழேயிருந்து நீராவி அளவுக்கு மீறிக் கசிந்து மேலே போய், அந்த இடத்தை இரண்டு மூன்று டிகிரி வீணாகக் குளிர வைத்துவிடும். இரண்டு டிகிரிதானே என்று கேட்கலாம். அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு நீராவி போகிறது என்பதை வைத்துத்தான் கீழே நம் பூமி எவ்வளவு சூடாகும் என்ற கணக்கே மாறும். என் துறையில் முப்பது வருடமாக எல்லோரும் முட்டிக்கொள்கிற சுவர் அது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் அதைத் தாண்டினேன். என் மாடலில் மடிப்பு கூர்மையாக வந்தது, வெப்பநிலையும் சரியாக வந்தது. வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல், இயற்பியல் விதிகளை மட்டும் வைத்து வந்தது என்று எழுதினேன். வியன்னாவுக்கும் கியோட்டோவுக்கும் கூப்பிட்டார்கள். மற்ற நாட்டு மையங்கள் என் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

இனி ஹார்லனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செத்தவரைப் பற்றி இப்படியா பேசுவது என்று நினைக்காதீர்கள். நீங்கள் உண்மையைத்தானே கேட்டீர்கள்.

ஹார்லன் க்ரேபில் பலூன் விடுகிறவர். ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை காலையில், கருவிப் பெட்டி கட்டிய ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் நிரப்பி மேலே அனுப்புவார். அது முப்பது கிலோமீட்டர் ஏறும். ஏறுகிற வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து அனுப்பிவிட்டு வெடித்து எங்காவது விழும். எங்கள் அட்சரேகையில் இவ்வளவு நுணுக்கமான பதிவு அவரிடம் மட்டும்தான் இருந்தது. பட்டம் எதுவும் கிடையாது. விமானப்படையில் வானிலைப் பிரிவில் கற்றுக்கொண்டு வந்தவர்.

அவர் கீழுதட்டுக்குள் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். கையில் ஒரு காகிதக் கோப்பை. பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் கோப்பையை வாயருகே கொண்டுபோய்த் துப்புவார், மறுபடி பேசுவார். பழுப்பாக, நூல் மாதிரி இழுத்துக்கொண்டு விழும். அந்தக் கோப்பையைப் போகிற இடத்திலெல்லாம் மறந்து வைத்துவிடுவார். ஒருமுறை கூட்ட அறையில் என் காப்பிக் கோப்பையும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் தவறுதலாக எடுத்து உதடு வரை கொண்டுபோய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லன்தான் அதிகம் சிரித்தார்.

"குடிச்சிருந்தா உனக்குக் கொஞ்சம் கலர் வந்திருக்கும் டாக்டரே. வெளுத்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே."

அன்று முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை. அது நடந்து பதினாலு வருடம் ஆகிறது. அதற்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது அபத்தம். அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டத்தான் சொல்கிறேன். மத்தி மீனை டப்பாவிலிருந்து விரலால் எடுத்து பிஸ்கட் மேல் வைத்துத் தின்பார். தானே வேட்டையாடிய எல்க் மானின் கறியைக் காயவைத்து, பையில் போட்டு, அதே விரலால் எடுத்து எல்லோருக்கும் நீட்டுவார். எல்லோரும் வாங்கித் தின்றார்கள். அவரை எல்லோருக்கும் பிடிக்கும். அது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை.

போன அக்டோபரில் எங்கள் மாடலின் புதிய முடிவுகளை ஒரு பெரிய தாளில் அச்சடித்து, காப்பி அறைக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்தார்கள். காலையில் நான் வந்தபோது ஹார்லன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்துக்கு அரையடி தூரத்தில் முகத்தை வைத்திருந்தார்.

"டாக்டரே, இங்க வா. இது உன் மாடலா, என் பலூனா?"

"மாடல். கீழே எழுதியிருக்கே."

"படிச்சேன். அப்ப இது என்ன?"

அவர் விரல் வைத்த இடத்தில், மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, பதிமூன்றரை கிலோமீட்டரில், கோட்டில் சின்னதாக ஒரு படி இருந்தது. அரை டிகிரிகூட இருக்காது. பல்லில் ஒரு விரிசல் மாதிரி. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு அடுக்கின் குணம் என்று விட்டிருந்தேன்.

"வானத்துல இந்தப் படி கிடையாது கான்ராட்" என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பழக்கமில்லை. "இது என் பழைய பெட்டியோட கோளாறு. அந்த உயரத்துல அழுத்தம் பாக்குற கருவி ஒரு அளவுல இருந்து இன்னொரு அளவுக்குத் தாவும். தாவுறப்ப வெப்பநிலையும் ஒரு குதி குதிக்கும். மூணு வருஷம் அது தெரியாமலே பலூன் விட்டுட்டு இருந்தேன். தெரிஞ்சதும் ஊருக்கெல்லாம் கடுதாசி போட்டுத் திருத்தினேன். உனக்கும் போட்டேன்."

நான் என் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"உன் மாடல் தானா கணக்குப் போட்டு இதைக் கொண்டுவந்துச்சுன்னா, என் பெட்டியோட தப்பு அதுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

கோப்பையில் துப்பினார். பிறகு அதை என் வரைபடத்துக்குக் கீழே இருந்த சிறிய மேஜையில் வைத்துவிட்டு, காப்பி எடுக்கப் போனார்.

விஷயம் இதுதான். நாலு வருடம் முயன்றும் மூலை கூராகவில்லை. பெட்டிகளை மெலிதாக வெட்டினேன், முப்பத்திரண்டு அடுக்கை எண்பது ஆக்கினேன், கதிர்வீச்சுக் கணக்கைத் திருப்பி எழுதினேன். இரண்டு டிகிரி குளிர் அப்படியே நின்றது. கடைசியில் ஹார்லனின் பல வருடப் பதிவைச் சராசரியாக்கி, ஒன்பதிலிருந்து பதினாறு கிலோமீட்டர் வரைக்கும் இருபத்தெட்டு எண்கள் எடுத்து, மாடலின் வெப்பநிலையை ஒவ்வொரு மணி நேரமும் அந்த எண்களை நோக்கி மெதுவாகத் தள்ளும்படி நிரலுக்குள் ஒரு சிறு பட்டியலாக வைத்தேன். இப்படித் தள்ளுவது எங்கள் துறையில் சாதாரணம்தான், சொல்லிவிட்டுச் செய்தால். நான் சொல்லவில்லை. அவர் திருத்தி அனுப்பிய பதிவை நான் திறக்கவும் இல்லை. அதன் உறை ஒட்டியிருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அப்படியே குப்பைக் கூடையில் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவரே என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். போனேன். மடக்கு நாற்காலியைத் தட்டிப் போட்டார். கறிப் பையை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"பயப்படாதே, நான் யார்கிட்டயும் சொல்லல. மெரிடித் கிட்டகூட." மெரிடித் எங்கள் மையத்தின் இயக்குநர். "நான் போய்ச் சொன்னா அது கோள் மூட்டுறது. நீயே சொன்னா அது திருத்தம். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கு பாரு."

"அது அவ்வளவு எளிதில்லை, ஹார்லன்."

"எளிதுன்னு யாரு சொன்னா? நானே பண்ணியிருக்கேன். மூணு வருஷப் பதிவும் தப்புன்னு ஊருக்கே எழுதினேன். வீட்டுல கோலீன் கிட்டச் சொல்லி அழுதேன், போ. ஆனா மறுநாள் காலையில எழுந்து முட்டை பொரிச்சுத் தின்னேன். ஒண்ணும் செத்துடல. டிசம்பர்ல நீ பேசப் போற கூட்டம் வரைக்கும் எடுத்துக்கோ. வேணும்னா நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நீங்க எதுக்கு நிக்கணும்?"

"உன்கூட இருபது வருஷமா இருக்கேன். நீ ஒரு மாதிரியான ஆளு. ஆனா திருடன் இல்ல. களைச்சுப் போயிட்டே, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒருநாள் அப்படி ஆகும்."

அப்படிச் சொல்லிவிட்டு என் கழுத்தோரம் கையை வைத்து அழுத்தினார். கட்டைவிரலில் புகையிலைச் சாறு காய்ந்திருந்தது. வாயிலிருந்து புதினாவும் அழுகல் இலையும் கலந்த ஒரு வாடை. பின்பற்களில் ஒன்று கறுத்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் எனக்கு அவர் ஈறு தெரிந்தது.

டிடெக்டிவ், நான் இதை உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். மிரட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார். கோப்பையில் துப்புகிற ஒரு ஆள், வகை நுண்கணிதம் ஒரு வரி தெரியாத ஆள், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அந்தக் கையால் என்னைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து கழுத்தைத் தேய்த்துக் கழுவினேன். தோல் சிவந்து மூன்று நாள் எரிந்தது. வாடை போகவில்லை.

எங்கள் மையத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு நான்தான் தலைவர். யாரும் விரும்பாத வேலை என்பதால் ஏழு வருடமாக என்னிடமே இருந்தது. தீயணைப்பான் தேதி, வழுக்கும் படிக்கட்டு, இப்படி. நவம்பர் முதல் வாரம் ஹார்லனிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. கொட்டகையில் ஹைட்ரஜன் குழாயின் இணைப்பு ஒன்று லேசாகக் கசிகிறது, விசிறி அடிக்கடி ஓடுகிறது, புது இணைப்பு வாங்கி மாற்ற ஆளனுப்புங்கள் என்று. ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய காகிதம். என் மேஜைத் தட்டில் வைத்தேன். அதன் மேல் வேறு காகிதங்கள் விழுந்தன. மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

நேற்று நான் உங்களிடம் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான். மறதி என்று சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடி வைத்தீர்கள். அப்போதே புரிந்தது, உங்களிடம் வேறு ஏதோ இருக்கிறது என்று.

கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. காற்றில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். நூறு என்றால் தீப்பிடிக்கிற அளவு. பத்தைத் தாண்டினால் கூரை விசிறி தானாக ஓடும். இருபதைத் தாண்டினால் மணி அடிக்கும். எல்லாக் கருவியையும் போல அதற்கும் அவ்வப்போது பூஜ்யம் எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சுத்தமான காற்றில் வைத்து ஒரு பொத்தானை ஐந்து நொடி அழுத்தினால், அந்தக் காற்றைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். வாயு தேங்கிய காற்றில் அழுத்தினால் அதன் கணக்கே கெட்டு, பிறகு எவ்வளவு ஏறினாலும் பூஜ்யத்திலேயே நிற்கும்.

டிசம்பர் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்த புதன்கிழமை. ஹார்லனுக்கு அன்று மதியம் பல் மருத்துவர். அந்தக் கறுத்த பல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்று காப்பி அறையில் வாயைத் திறந்து எல்லோருக்கும் காட்டியிருந்தார். நான் இரண்டரை மணிக்கு மேட்டுக்குப் போனேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி பதினொன்று காட்டியது. மணியை ஊமையாக்கினேன். விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்திவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே காத்திருப்பது ஆபத்து என்று தெரியும்.

ஒரு மணி நேரம் ஆனது. வெயில் நன்றாக இருந்தது, மலைமேல் புதுப் பனி. ஒரு மாணவனின் ஆய்வறிக்கையைத் திருத்தினேன். பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, கதவோரம் தரையில் புதைத்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, உள்ளே போனேன். உடம்பில் மின்சாரம் தேங்கியிருந்தால் அதில் இறங்கிவிடும். கம்பளியிலோ பலூன் ரப்பரிலோ எழும் ஒரு சின்னப் பொறி போதும், அந்தக் காற்று பற்றிக்கொள்ள. பெட்டி நாற்பத்தொன்று காட்டியது. பொத்தானை அழுத்தி ஐந்து எண்ணினேன். நாற்பத்தொன்று பூஜ்யமானது. விசிறியையும் மணியையும் பழையபடி தானாக இயங்கும் நிலைக்குத் திருப்பினேன். இரண்டும் அசையவில்லை. அவற்றைப் பொறுத்தவரை கொட்டகை சுத்தமாக இருந்தது. வெளியே வந்து கதவை நன்றாகச் சாத்தினேன்.

நான் எதையும் பற்றவைக்கவில்லை என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு என் அறைத் தொலைபேசி அடித்தது. பிடுங்கிய இடத்தில் பஞ்சு வைத்திருந்ததால் அவர் பேச்சு குழறியது. மெல்லுகிற சத்தம் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"டாக்டரே, அலாரம் பூஜ்யம் காட்டுது. ஆளனுப்பி இணைப்பை மாத்திட்டியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நேத்து ராத்திரி கோலீன்கிட்ட உன்னைத் திட்டிட்டு இருந்தேன்ப்பா. என் மேல கோபத்துல காகிதத்தை அமுக்கி வச்சிருக்கான்னு. தப்பா நினைச்சிட்டேன். மன்னிச்சுக்கோ."

"பரவாயில்ல, ஹார்லன்" என்றேன்.

"சரி, பலூனை நிரப்பப் போறேன். ஒம்பதுக்கு விட்டுருவேன். காத்து அருமையா இருக்கு."

தொலைபேசியை வைத்தேன். ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருந்தது. திருப்பிக் கூப்பிட ஒரு நொடி போதும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: கையைத் தொலைபேசியின் மேல்தான் வைத்திருந்தேன். அதன் வாய்ப்பகுதியில் தூசி படிந்திருந்தது. ஈரத்தாள் எடுத்துத் துடைத்தேன். இடுக்கில் இருந்த அழுக்கைக் காகிதக் கவ்வியின் முனையால் எடுத்தேன். அதைச் செய்துகொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தது.

மேட்டுக்கு முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். கொட்டகையின் கூரை நூறு அடி தள்ளிக் கிடந்தது. வெந்த ரப்பர் வாடை. அதற்குக் கீழே இன்னொரு வாடை இருந்தது, அதை எழுத மாட்டேன். வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன். மெரிடித் என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். என் அதிர்ச்சியைப் பார்த்து அவருக்கு என்மேல் மரியாதை கூடியது என்று பின்னால் சொன்னார்.

"நீங்கதான் பாதுகாப்புக் குழுத் தலைவர் கான்ராட். உள்விசாரணை அறிக்கையை நீங்களே எழுதிடுங்க. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கத் தெம்பு இல்ல" என்றார்.

எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. வெடித்த நேரத்தில் அலாரம் பூஜ்யம் காட்டியது என்று எழுதினேன். இறந்தவர் கசிவைப் பற்றி அறிந்தே உள்ளே போனார் என்று எழுதினேன். இறந்தவர் பல வருடமாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றும் எழுதினேன். மூன்றையும் ஒரே பத்தியில் வைத்தேன். படித்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பாவம், கவனமில்லாத மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

அடக்கத்தின்போது நான் பேசினேன். ஹார்லன் இல்லாமல் என் ஆராய்ச்சி இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். பேசி முடித்ததும் அவர் மனைவி கோலீன் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். குள்ளமான, கனத்த பெண்மணி. அவருடைய மூக்கும் கண்ணும் என் சட்டைக் காலரில் அழுந்தி ஈரமாயின. விலகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவர் உங்களைப் பத்தி நிறையச் சொல்வார்" என்றார். "பாவம், யாரும் இல்லாத ஆளு, நவம்பர் நன்றித் திருநாள் விருந்துக்கு இந்த வருஷமாவது கூப்பிடணும்னு சொல்லிட்டே இருந்தார். நான்தான் மறந்துட்டேன்."

அந்தச் சட்டையை நான் எரித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் கையில் என் அறிக்கையோடு மெரிடித்தின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"எழுதினது யாரு?"

"நான்தான், கோலீன்."

"புகையிலைன்னு போட்டிருக்கீங்களே. அவர் மெல்லுவார். பத்தவச்சு நான் பார்த்ததே இல்ல. முப்பத்தெட்டு வருஷத்துல எங்க வீட்டுல ஒரு தீப்பெட்டி கிடையாது, பிறந்தநாள் மெழுகுவத்திக்குப் பக்கத்து வீட்டுல போய் வாங்கிட்டு வருவேன். இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"நான் அப்படி எழுதல. பழக்கம்னுதான் எழுதியிருக்கேன்."

அவர் அறிக்கையை மேஜையில் வைத்தார். அழவில்லை. "நீங்க எழுதினதுல எங்கயும் தப்பில்ல டாக்டர் வீலர். அதுதான் எனக்கு உறுத்துது" என்றார். பிறகு மெரிடித்திடம் திரும்பி, "அந்த அலாரம் பெட்டி எங்க?" என்று கேட்டார்.

அது இன்னும் மேட்டில் பனியில் கிடந்தது. அங்கிருந்து நேராக அவர் உங்கள் அலுவலகத்துக்கு வந்தது உங்களுக்கே தெரியும். தன்னை யார் எப்போது பூஜ்யமாக்கினாலும் நேரத்தோடும் அப்போதைய அளவோடும் அந்தப் பெட்டி தனக்குள் குறித்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது. கையேட்டில் இருக்கிறதாம். ஏழு வருடத்தில் அந்தக் கையேட்டை நான் திறந்ததில்லை. புதன்கிழமை மூன்று ஐம்பத்திரண்டு, அளவு நாற்பத்தொன்று. மேட்டின் வாசல் கதவில் என் அடையாள அட்டை பதிவானது இரண்டு முப்பத்தைந்துக்கு. இன்று காலை நீங்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தள்ளினீர்கள். நல்ல முறை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆகவே, ஹார்லன் க்ரேபிலை நான்தான் கொன்றேன். மறதியில்லை. தெரிந்து, நேரம் பார்த்து, திட்டம் போட்டுச் செய்தேன். இருபத்தெட்டு எண்கள் கொண்ட அந்தப் பட்டியல் நிரலில் எங்கே இருக்கிறது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன், மெரிடித்திடம் கொடுங்கள். டிசம்பர் கூட்டத்தில் என் பேச்சுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹார்லனின் நினைவுக்காக நின்றார்களா, எனக்காக நின்றார்களா என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கொட்டகை வெடித்த அந்த வியாழக்கிழமைக்கும் ஒரு பலூன் ஏறியதாக மையத்தின் கணிப்பொறியில் பதிவு இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டீர்கள். அதுவும் நான்தான். இருபத்தேழு வருடத்தில் ஒரு வாரம்கூட விடுபடாத பதிவு அது. அன்றைக்கு மட்டும் வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. முந்தின வாரத்து எண்களையும், பக்கத்து ஊரில் அன்று ஏறிய வானிலை பலூனின் எண்களையும் வைத்து, தரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் வரை ஒவ்வொரு உயரத்துக்கும் நானே கணக்கிட்டு நிரப்பினேன். மடிப்பு மிக அழகாக வந்தது. ஏவியவர் என்ற இடத்தில் ஹார்லனின் பெயரைப் போட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் அவருக்காகச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதைப் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.